கடைசியாகத் திறந்த வகுப்பறை: தமிழ்நாட்டில் பெருந்தொற்றுக் காலப் பள்ளித் திறப்பும் 2022 கோடை விடுமுறையும்

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாட்டில் முதல் வகுப்பில் சேர வேண்டியிருந்த குழந்தை, வகுப்பு நடக்கும் ஒரு பள்ளி நாளில் தன் பள்ளியின் பெஞ்சில் முதன்முதலாக உட்கார்ந்தது 2021 நவம்பர் 1ஆம் நாள். அன்றைக்கு அக்குழந்தை இரண்டாம் வகுப்பில் இருந்தது. முதல் வகுப்பு படித்ததாகப் பள்ளிப் பதிவேட்டில் ஓர் ஆண்டு உண்டு. அந்த ஆண்டில் வகுப்பறை ஒரு நாளும் திறக்கப்படவில்லை.

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதும் திறக்கப்பட்டதும் எல்லா நாடுகளுக்கும் பொதுவான அனுபவம்தான். ஆனால் எந்த வகுப்பு முதலில் திறந்தது, எது கடைசியில் திறந்தது, அந்த வரிசையை எது முடிவு செய்தது என்ற கேள்விகளுக்கு இடத்துக்கு இடம் விடை வேறு. தமிழ்நாட்டில் அந்த வரிசையை முடிவு செய்ததில் நோய்ப்பரவலின் போக்கைவிடப் பொதுத்தேர்வின் நாட்காட்டிக்கே பெரும் பங்கு இருந்தது என்பதும், அதன் விளைவாக மிக அதிகமாக இழந்தவர்கள் மிகவும் பிந்தி உள்ளே வந்தார்கள் என்பதும் என் முடிவு. 2020 மார்ச் முதல் 2022 ஜூன் வரை நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் அது விளங்கும்.

மூடிய நாளிலேயே இருந்த விதிவிலக்கு

2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டின் கல்வி நிலையங்கள் மார்ச் 31 வரை மூடப்பட்டன. இரண்டு வார விடுமுறை என்றுதான் அன்று எல்லோரும் எண்ணினார்கள். முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்பே கோடை விடுமுறை வந்துவிட்டதாகப் பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த ஆணையிலேயே ஒரு விதிவிலக்கு இருந்தது. நடந்துகொண்டிருந்த பொதுத்தேர்வுகள் தொடரும் என்று அரசு சொன்னது. மார்ச் 2ஆம் நாள் தொடங்கிய பிளஸ் டூ தேர்வு, மாநிலமெங்கும் 144 தடையுத்தரவு மாலையில் நடைமுறைக்கு வரவிருந்த மார்ச் 24 அன்றுகூட நடத்தப்பட்டது. பேருந்துகள் குறைந்துபோன அந்த நாளில் சுமார் 34,000 மாணவர்களால் கடைசித் தேர்வை எழுத முடியவில்லை. அவர்களுக்கான மறுதேர்வு ஜூலை 27 அன்றுதான் நடந்தது.

மார்ச் 27ஆம் நாள் தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புத் தேர்வின் கதை இன்னும் நீண்டது. முதலில் காலவரையின்றித் தள்ளிவைக்கப்பட்ட அத்தேர்வுக்குப் பிறகு ஜூன் 1 என்று நாள் குறிக்கப்பட்டது. அது ஜூன் 15 ஆயிற்று. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை இந்த நிலையில் தேர்வறைக்கு அழைப்பது சரியா என்று சென்னை உயர் நீதிமன்றம் கேள்வி எழுப்பியதை அடுத்து, ஜூன் 9 அன்று முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி தேர்வு ரத்து என்று அறிவித்தார். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடும் என்ற கணக்கில் மதிப்பெண் வழங்கப்பட்டது. இதே தேர்வைக் கேரளம் மே 26 முதல் 28 வரையிலும் கர்நாடகம் ஜூன் 25 முதல் ஜூலை 4 வரையிலும் நடத்தி முடித்தன. ஆனால் சென்னையில் அன்று தொற்று இருந்த நிலையை நினைத்துப் பார்த்தால், தமிழ்நாடு ரத்து செய்ததைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஜூன் 19 முதல் சென்னையும் சுற்றியுள்ள பகுதிகளும் மீண்டும் முழு ஊரடங்குக்குள் போயின. இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. மார்ச் முதல் ஜூன் வரை பள்ளிக் கல்வி பற்றி நடந்த பேச்சில் பெரும்பகுதி ஒரு தேர்வைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. ஒன்று முதல் ஒன்பது வரை படித்தவர்களுக்கு ‘ஆல் பாஸ்’ என்று மார்ச்சிலேயே அறிவித்தாகிவிட்டது. அத்துடன் அவர்களைப் பற்றிய பேச்சும் அடங்கிவிட்டது.

கோடை விடுமுறைக்கு ஒரு முடிவு நாள் உண்டு. கத்திரி வெயில் தணிந்து, ஜூன் மாதம் பிறந்து, புதுச் சீருடையும் விலையில்லாப் புத்தகமும் கைக்கு வரும் நாள் எது என்று பிள்ளைக்குத் தெரியும். தாத்தா ஊரிலிருந்து திரும்பும் நாளும் அதை வைத்தே குறிக்கப்படும். 2020 ஜூனில் அந்த நாள் வரவில்லை. எப்போது வரும் என்று சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. விடுமுறை மூடலாக மாறியது அந்த மாதத்தில்தான்.

மூன்று முறை நாள் குறித்து, இரண்டு முறை மாற்றியது

தமிழ்நாட்டில் முதல் அலையின் உச்சம் 2020 ஜூலை இறுதி. அப்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,000 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. அதன்பின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியதும் பள்ளிகளைத் திறக்கும் முயற்சிகளும் தொடங்கின. பத்து முதல் பன்னிரண்டு வரையிலான மாணவர்கள் விருப்பத்தின் பேரில் அக்டோபர் 1 முதல் பள்ளிக்கு வந்து ஐயம் தீர்த்துக்கொள்ளலாம் என்று செப்டம்பரில் அரசாணை வெளியானது. நடைமுறைக்கு வரும் முன்பே அது நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் நவம்பர் 16 அன்று திறக்கும் என்று அறிவித்தார்கள். நவம்பர் 9 அன்று பள்ளிகளில் பெற்றோரை அழைத்துக் கருத்துக் கேட்டபோது கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. மூன்றே நாட்களில் அந்த அறிவிப்பும் திரும்பப் பெறப்பட்டது. மூன்றாவதாக, 2021 ஜனவரி முதல் வாரத்தில் மறுபடியும் பெற்றோரிடம் கருத்துக் கேட்டு, ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் திறந்தன. வகுப்புக்கு 25 பேர், பெற்றோரின் இசைவுக் கடிதம், உடல் வெப்பச் சோதனை, சத்து மாத்திரை என்ற ஏற்பாடுகளோடு, பத்து மாதங்களுக்குப் பின் பள்ளி மணி அடித்தது. பிப்ரவரி 8 அன்று ஒன்பதும் பதினொன்றும் சேர்ந்துகொண்டன.

இந்த மூன்று அறிவிப்புகளிலும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் இல்லை. 2021 பிப்ரவரியில் மாநிலம் முழுவதும் ஒரு நாள் தொற்று 500 என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. முதல் அலை தொடங்கியதிலிருந்து அவ்வளவு குறைந்த எண்ணிக்கையைப் பல மாதங்களாகக் கண்டதில்லை. தொடக்கப் பள்ளிகளைத் திறக்க அந்த ஓராண்டில் கிடைத்த ஒரே நல்ல இடைவெளி அதுதான். அதைப் பற்றிய பேச்சே எழாமல் அந்த வாரங்கள் கடந்தன. பின்னர் 2021 நவம்பர் 1 அன்று சிறு பிள்ளைகளை அழைத்தபோது ஒரு நாள் தொற்று ஏறத்தாழ 1,000 ஆக இருந்தது. இடையில் ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி கிடைத்திருந்தது என்பதும், இரண்டாம் அலையில் பலருக்கும் தொற்று வந்து போயிருந்தது என்பதும் உண்மையே. அவற்றைக் கழித்துவிட்டு இரண்டு எண்களை மட்டும் ஒப்பிடுவது நியாயமாகாது. ஆனாலும் பிப்ரவரியில் அந்தக் கேள்வி பொதுவெளியில் கேட்கப்படக்கூட இல்லை என்பதை மறைக்க முடியாது.

பிப்ரவரி 25 அன்று சட்டப்பேரவையில் 110ஆம் விதியின் கீழ் முதலமைச்சர் வெளியிட்ட அறிவிப்பு, ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய வகுப்பினர் அனைவரும் தேர்ச்சி என்றது. ஒன்பதாம் வகுப்பு திறந்து 17 நாட்களே ஆகியிருந்தன. மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டப் பள்ளிகள் சிலவற்றில் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தொற்று உறுதியானதும் அச்சம் மீண்டும் பரவியது. மார்ச் 22 முதல் ஒன்பது முதல் பதினொன்று வரை நேரடி வகுப்புகள் நின்றன. பிளஸ் டூ மட்டும் தொடர்ந்தது. காரணம் மறுபடியும் மே மாதத் தேர்வு. இரண்டாம் அலை மே 21 அன்று நாளொன்றுக்கு 36,184 என்ற உச்சத்தைத் தொட்டபோது அந்தத் தேர்வும் நடக்க வழியில்லை என்பது தெளிவாயிற்று. புதிதாகப் பொறுப்பேற்றிருந்த முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் ஜூன் 5 அன்று அதை ரத்து செய்தார். பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அக மதிப்பீடு ஆகியவற்றுக்கு முறையே 50, 20, 30 விழுக்காடு என்று கணக்கிட்டு ஜூலை 19 அன்று மதிப்பெண் வெளியானது.

ஆக, எந்தத் தேர்வுக்காக மேல்வகுப்புகள் முதலில் திறந்தனவோ அந்தத் தேர்வுகள் 2021இல் நடக்கவே இல்லை. பத்தாம் வகுப்புக்கும் நடக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்கும் நடக்கவில்லை.

வேறு வரிசை இருந்ததா

இருந்தது. டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்றே பள்ளிகளைத் திறக்கத் தொடங்கியபோது முதலில் அழைத்தது மழலையரையும் ஐந்தாம் வகுப்பு வரையிலான சிறுவரையும்தான். சிறுவர்களுக்கு நோய் கடுமையாவது அரிது, வீட்டில் திரை வழியாகக் கற்பது அவர்களுக்கு இயலாது, அவர்கள் வீட்டில் இருந்தால் பெற்றோர் வேலைக்குப் போக முடியாது என்ற எண்ணங்கள் அதன் பின்னால் இருந்தன. டென்மார்க்கின் வகுப்பறையும் தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வரிசையைப் பரிந்துரைத்த குரல் நம் நாட்டுக்குள்ளேயும் எழுந்தது. 2021 ஜூலை 20 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா, பள்ளிகளைத் திறக்க எண்ணினால் தொடக்கப் பள்ளிகளிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை என்றார். சிறு குழந்தைகளின் உடல் வைரஸைப் பெரியவர்களைவிட நன்றாகச் சமாளிக்கிறது என்பதே அவர் சொன்ன காரணம். அதே நாளில் வெளியான நான்காவது தேசியக் குருதி ஆய்வில், ஆறு முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளைகளில் 57.2 விழுக்காட்டினரிடம் ஏற்கெனவே தொற்று வந்து போனதைக் காட்டும் எதிர்ப்பணுக்கள் இருந்தது தெரியவந்தது.

எனினும் தமிழ்நாட்டில் செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறந்தன. ஒன்று முதல் எட்டு வரை திறக்க மேலும் இரண்டு மாதங்கள் ஆயின.

இந்த வரிசைக்கு அரசை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. முகக்கவசத்தை ஆறு வயதுப் பிள்ளை ஒழுங்காக அணியாது என்ற கவலை பெற்றோருக்கு உண்மையாகவே இருந்தது. பிள்ளையின் உயிரை வைத்துப் பார்க்கும்போது ‘ஒரு வருசம் போனால் போகட்டும்’ என்று சொன்ன தாய்மார்களை யார் குறை சொல்ல முடியும்? பத்தாம் வகுப்புப் பிள்ளையைப் பெற்றவர்களோ மதிப்பெண்ணை எண்ணிப் பள்ளியைத் திறக்கச் சொன்னார்கள். கருத்துக் கேட்ட கூட்டங்களில் அரசு இந்த இரண்டையும் கேட்டது, கேட்டபடியே முடிவெடுத்தது. அங்கே இல்லாமல் போனது ஒன்றுதான். தொற்றின் அபாயம் அன்றாடம் எண்ணிக்கையாகச் செய்தியில் வந்தது. முதல் வகுப்புப் பிள்ளை எழுத்தறியாமல் போவதற்கு அப்படிப்பட்ட அன்றாட எண் எதுவும் இல்லை. எண்ணாக வந்த அபாயத்துக்கு முன்னால் எண்ணாக வராத இழப்பு எடுபடவில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப அரசு சும்மா இருந்துவிடவும் இல்லை. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி, 2020 ஜூலையிலிருந்து பாடங்களை ஒளிபரப்பியது. பாடத்திட்டம் குறைக்கப்பட்டது. சத்துணவு மையங்களில் சமையல் நின்ற மாதங்களில் அரிசியும் பருப்பும் உலர் பொருளாகப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போயின. ஆனால் தொலைக்காட்சி ஒரு வழிப் பாதை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அதைப் பார்த்துக் குறிப்பெடுக்கலாம். ‘அ’ எழுதப் பழகும் பிள்ளையின் விரலைப் பிடித்துச் சுழியைச் சரிசெய்ய அதனால் முடியாது. ‘ர’வையும் ‘ற’வையும் குழப்பும் பிள்ளையை நிறுத்தி, மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கவும் அதனால் முடியாது. வீட்டில் ஒரே கைபேசி, அதுவும் வேலைக்குப் போகும் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும் குடும்பங்களில், இணைய வகுப்பு என்பது அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்தாலும் கடைசிப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்குள்ளேயும் வரிசை அதுவாகத்தான் இருந்தது.

இழப்பும் மீட்சியும்: அளந்து பார்த்தது

தமிழ்நாட்டுக்கு ஓர் அரிய வாய்ப்பு அமைந்தது. அங்கன்வாடி பற்றிய வேறோர் ஆய்வுக்காக, நான்கு மாவட்டங்களின் 220 கிராமங்களில் சிறு பிள்ளைகளின் கற்றல் நிலை 2019இலேயே அளக்கப்பட்டிருந்தது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் அதே கிராமங்களுக்கு 2021 டிசம்பரிலும் அதன் பின்னரும் திரும்பிச் சென்று, ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை வீடு தேடி அளந்தார்கள். பள்ளிக்கு வந்த பிள்ளையை மட்டும் அளந்தால் வராமல் நின்றவர் கணக்கில் விடுபட்டுப் போவர். வீட்டில் அளந்ததால் அந்தக் குறை நேரவில்லை.

2019இல் அதே ஊரில் அதே வயதிலிருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணிதத்தில் சுமார் 0.7 திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் காட்டும் அளவு) தமிழில் சுமார் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். கல்வி ஆய்வுகளில் ஒரு நல்ல திட்டம் 0.1 அல்லது 0.2 அளவுக்கு முன்னேற்றம் தந்தாலே பெரிதாகப் பேசுவார்கள் என்பதை நினைத்தால் இந்தப் பள்ளத்தின் ஆழம் விளங்கும். கணிதத்தைவிட மொழியில் இழப்புக் குறைவாக இருந்ததற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. தமிழ் வீட்டிலும் தெருவிலும் கடைப் பலகையிலும் இருக்கிறது. கடன் வாங்கிக் கழித்தல் வகுப்பறையில் மட்டும்தான் இருக்கிறது.

அந்த ஆய்வின் இரண்டாம் பாதி நம்பிக்கை தருவது. பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களுக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டிருந்தது. அந்த ஆறு மாதங்களும் முழுமையாகக் கிடைத்தவை அல்ல. நவம்பர் 1 திங்கட்கிழமை பள்ளி திறந்தது, வியாழக்கிழமை தீபாவளி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னையை மூழ்கடித்த மழை. அந்த நவம்பரில் பல மாவட்டங்களில் மழைக்காக விட்ட விடுமுறைகளும், பிள்ளைகளைப் பிரித்து அழைத்த சுழற்சி முறையும் போக, ஓரளவு சீராக நடந்த வாரங்கள் டிசம்பரில்தான் வந்தன. ஜனவரியில் ஓமிக்ரான் வந்து வகுப்புகளை மறுபடி மூடியது. இவ்வளவுக்கும் நடுவில் அந்த மீட்சி நிகழ்ந்தது என்றால், ஆசிரியர் கண்முன் நிற்கும் சாதாரண வகுப்பறை எவ்வளவு வலிமையானது என்று பார்த்துக்கொள்ளலாம். திறந்த முதல் நாட்களில் பாடத்தைத் தொடங்காமல் கதையும் பாட்டும் விளையாட்டுமாகப் பிள்ளைகளைப் பள்ளிக்குப் பழக்குமாறு ஆசிரியர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அது எடுத்த எடுப்பிலேயே செய்த சரியான செயல்.

மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காட்டுக்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டம் காரணம் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்த திட்டம் இது. ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, அவர்கள் குடியிருக்கும் தெருவிலேயே, மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர் ஒருவர் பாடம் சொல்லித் தந்தார். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாயாக இருந்தது. தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் போதும், நடுநிலை வகுப்புகளுக்குப் பட்டம் வேண்டும் என்பது அன்றைய தகுதி. தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். படித்துவிட்டுத் திருமணமாகி ஊரோடு இருந்தவர்கள், கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள் கோயில் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் வீட்டு வாசலிலும் பாய் விரித்து அமர்ந்தார்கள். தேசியக் கல்விக் கொள்கை பின்வாசல் வழியாக நுழைகிறதோ என்று ஆசிரியர் அமைப்புகளும் சில கட்சிகளும் அன்று கேட்டன. பள்ளியின் வேலையைப் பயிற்சி பெறாதவரிடம் ஒப்படைப்பது நிரந்தர ஏற்பாடானால் அது ஆபத்தே என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தக் குறிப்பிட்ட ஆண்டில், அந்தக் குறிப்பிட்ட பள்ளத்தை நிரப்புவதற்கு அது உதவியது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் அதில் அதிகம் சேர்ந்ததால் பலனும் அவர்களையே அதிகம் சென்றடைந்தது.

பள்ளிக்குத் திரும்பாதவர்கள் பற்றியும் ஒரு சொல். வேலைக்குப் போய்க் கூலி கண்டுவிட்ட சிறுவனும், ஊரடங்கில் அவசரமாகத் திருமணம் முடித்துவைக்கப்பட்ட சிறுமியும் எந்தக் கற்றல் இழப்புக் கணக்கிலும் முழுமையாக வர மாட்டார்கள். ஆசிரியர்கள் வீடு வீடாகச் சென்று அவர்களைத் தேடினார்கள், எல்லோரும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 1, 2022

ஓமிக்ரான் அலையின்போது சிறு வகுப்புகளுக்கு முதலில் மூடல் வந்தது. 2022 ஜனவரித் தொடக்கத்தில் கீழ்வகுப்புகளும் நடு மாதத்தில் பத்து முதல் பன்னிரண்டு வரையும் நிறுத்தப்பட்டன. வழக்கமான வரிசையின்படியானால் பிப்ரவரியில் பத்தும் பன்னிரண்டும், மார்ச்சில் ஒன்பதும் பதினொன்றும் என்று போயிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா வகுப்புகளும் பிப்ரவரி 1 அன்று ஒரே நாளில் திறந்தன. அன்றாடத் தொற்று அப்போதும் பல்லாயிரமாக இருந்தது. 2021 பிப்ரவரியோடு ஒப்பிட்டால் பல மடங்கு. நோய் கடுமை குறைந்திருந்ததும், 15 முதல் 18 வயது வரையிலானோருக்கு ஜனவரி 3 முதல் தடுப்பூசி போடப்பட்டதும் துணைக்கு இருந்தன. ஆயினும் இந்த முடிவு முந்தைய இரண்டு ஆண்டுகளின் மனநிலையிலிருந்து விலகிய முடிவு என்றே கருதுகிறேன். மூடி வைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை முதன்முறையாக எடையில் வைத்துப் பார்த்த முடிவு அது.

2022 கோடை

பள்ளி தாமதமாகத் தொடங்கியதால் கல்வியாண்டும் தள்ளிப்போனது. வழக்கமாக ஏப்ரல் இறுதிக்குள் முடியும் ஆண்டு மே நடு வரை நீண்டது. பிளஸ் டூ பொதுத்தேர்வு மே 5 முதல் 28 வரையிலும், பத்தாம் வகுப்புத் தேர்வு மே 6 முதல் 30 வரையிலும் நடந்தன. கத்திரி வெயிலின் நாட்கள் மே 4 முதல் 28 வரை. தேர்வும் கத்திரியும் ஏறக்குறைய ஒன்றாகவே தொடங்கி ஒன்றாகவே முடிந்தன. கீழ்வகுப்புகளுக்கு மே 13 வரை பள்ளி. மே 14 முதல் ஜூன் 12 வரை கோடை விடுமுறை. ஜூன் 13 திங்கட்கிழமை ஒன்று முதல் பத்து வரையும், ஜூன் 20 அன்று பிளஸ் டூவும், ஜூன் 27 அன்று பிளஸ் ஒன்னும் திறந்தன.

ஒன்றரை ஆண்டுக்கு மேல் வீட்டில் இருந்த பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு மாதம் விடுமுறை எதற்கு என்ற கேள்வி அன்று பலரிடம் எழுந்தது. கேள்வியில் நியாயம் இருந்தது. ஆறு மாதங்களில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றால், இன்னும் ஒரு மாதம் மீதியில் கொஞ்சத்தை மீட்டிருக்குமே? மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஓட்டுக் கட்டடமும் தகரக் கூரையும் கொண்ட பள்ளிகளில் மே மாத நண்பகலில் எட்டு வயதுப் பிள்ளையை உட்கார வைப்பது கற்பித்தல் ஆகாது. அந்த ஏப்ரலில் மின்வெட்டும் இருந்தது. ஆசிரியர்களோ தேர்வுக் கண்காணிப்பிலும் விடைத்தாள் திருத்துவதிலும் மூழ்கியிருந்தார்கள். மேல்வகுப்பு மாணவர் சிலர் ஆசிரியரிடம் வரம்பு மீறி நடந்துகொண்ட காணொளிகள் அந்த ஏப்ரலில் பரவியது நினைவிருக்கலாம். அதை ஒழுக்கக் கேடு என்று மட்டும் பார்த்தவர்கள் உண்டு. இரண்டு ஆண்டுகளாகக் கூடிப் பழகும் வழக்கமே அற்றுப்போன பிள்ளைகளின் தத்தளிப்பும் அதில் இருந்ததாக நான் எண்ணுகிறேன். அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மூச்சு விட ஓர் இடைவெளி தேவைப்பட்டது. விடுமுறையை ஒழிக்காமல் முப்பது நாட்களாகச் சுருக்கிக் கொடுத்தது அந்தச் சூழலில் பொருத்தமான முடிவு.

அதைவிட முக்கியமானது, அந்த விடுமுறைக்கு முன்கூட்டியே ஒரு முடிவு நாள் சொல்லப்பட்டிருந்தது. 2020 கோடைக்கும் 2021 கோடைக்கும் அது இல்லை. ஜூன் 13 என்று தெரிந்திருந்த பிள்ளை அதுவரை விளையாடலாம், ஊருக்குப் போகலாம், திரும்பி வரவும் செய்யும். எப்போது திறக்கும் என்று தெரியாத பிள்ளையை வேலைக்கு அனுப்பத் தோன்றும். வேலைக்குப் போன பிள்ளை மீள்வது கடினம். விடுமுறையும் மூடலும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் குடும்பங்களின் முடிவுகளில் அவை உண்டாக்கிய வேறுபாடு மிகப் பெரிது.

விடுமுறையின் கடைசிப் பன்னிரண்டு நாட்களான ஜூன் 1 முதல் 12 வரை, இல்லம் தேடிக் கல்வி மையங்கள் வழியாக வாசிப்பு மாரத்தான் நடந்தது. தன்னார்வலரின் கைபேசியில் கூகுளின் வாசிப்புச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளை உரக்கப் படிக்கும். சரியாகப் படித்த சொற்களைச் செயலி எண்ணிக்கொள்ளும். சுமார் 18 லட்சம் பிள்ளைகள் அதில் கலந்துகொண்டார்கள். செயலி எண்ணிய சொற்களின் தொகையைப் பெரிதாகக் கொள்ள வேண்டியதில்லை. மே மாதத்தில் மறந்துபோகும் வாசிப்பு, பள்ளி திறப்பதற்கு முந்தைய இரு வாரங்களில் மீண்டும் நாவுக்கு வந்தது என்பதே அதன் பயன். கோடை விடுமுறையில் பிள்ளைகள் கற்றதை மறப்பது பெருந்தொற்றுக்கு முன்பும் இருந்த சிக்கல்தான். அதற்கு இவ்வளவு எளிய மருந்து உண்டு என்பதை அந்த ஜூன் காட்டியது.

அதே ஜூன் 13 அன்று, திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. ஒன்று முதல் மூன்று வரை படிக்கும் பிள்ளைகள் 2025க்குள் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்கைப் போடவும் வேண்டும் என்பது அதன் இலக்காக இருந்தது. பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் அது எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கும் முறை அது. 2020இன் பேச்சு முழுவதும் பத்தாம் வகுப்பைச் சுற்றி நடந்தது. 2022இல் பள்ளி திறந்த நாளின் தலைப்புச் செய்தி முதல் மூன்று வகுப்புகளைப் பற்றியதாக இருந்தது.

அன்று மூன்றாம் வகுப்பில் நுழைந்தவர்கள், இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன குழந்தைகள்தான். முதல் வகுப்பை வகுப்பறையில் படிக்காமல், இரண்டாம் வகுப்பில் ஆறு மாதங்கள்கூட முழுதாகக் கிடைக்காமல் அங்கே வந்தவர்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் பிள்ளைகளின் கல்வி நிலையை அளக்கும் அசர் அமைப்பு கிராமப்புறங்களில் எடுத்த கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க முடிந்தவர்கள் 4.8 விழுக்காடு. 2018இல் அது 10.2 ஆக இருந்தது. பெருந்தொற்றுக்கு முன்பே பத்தில் ஒருவர்தான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். குறை புதிதாக வந்ததன்று, ஆனால் படிக்க முடிந்தவர்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்ற ஆய்வுக்கும் இந்த எண்ணுக்கும் முரண் இல்லை. மீளாத மூன்றில் ஒரு பங்கு எங்கே குவிந்து கிடந்தது என்பதை இந்த எண் காட்டுகிறது.

அந்தக் குழந்தைகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுத வேண்டிய ஆண்டு 2030.